தமிழ் எழுத்தில் ஒரு நோய்க்குறிப்பு

1913 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒருவர் தன்ர மனைவியின்ர நிலையை ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பில் எழுதி வந்தார். இரவு நித்திரை வந்ததா, பகல் எப்படிப் போனது, சாப்பிட்டாரா, யார் பார்க்க வந்தார்கள் என்ற மாதிரியான சின்னச் சின்னக் குறிப்புகள். ஆனால் அவற்றை அவர் ஆங்கில எழுத்தில் எழுதவில்லை. சிங்கள எழுத்தையும் தமிழ் எழுத்தையும் கலந்து தனக்கென ஒரு சங்கேத எழுத்தை உண்டாக்கி அதிலதான் எழுதினார். அந்த வீட்டில் வேறு ஒருவராலும் அதை வாசிக்க முடியாது.

அந்த மனிதரின் பெயர் லெனார்ட் வூல்ஃப். மனைவி, எழுத்தாளர் வெர்ஜீனியா வூல்ஃப். லெனார்ட் அந்தத் தமிழ் எழுத்தைப் படித்தது எங்கட யாழ்ப்பாணத்தில.

இந்தத் தகவலை நாங்கள் முதன்முதலில் அறிந்தபோது எங்கட கூட்டத்தில் ஒருத்தி மாதக்கணக்காக அறையை விட்டு வெளியே வராமல் இருந்தாள். நாங்கள் அவளுக்கு என்னென்ன சொன்னோம் என்பதை இப்போது எழுதவே வெட்கமாயிருக்கிறது. "சும்மா யோசிக்காத", "வெளியால வந்தா எல்லாம் சரியாகிடும்", "உன்னை விடக் கஷ்டப்பட்ட ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம்". போன் எடுத்தோம், அவள் எடுக்கவில்லை. கோவித்துக்கொண்டோம். பிறகு, 'அவளுக்கே விருப்பமில்லை எண்டா நாங்கள் என்ன செய்யிறது' என்று விட்டுவிட்டோம். மனச்சோர்வு என்ற சொல் எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பதிவுகளும் போட்டிருக்கிறோம். ஆனால் மனச்சோர்வோடு இருக்கிற ஒரு ஆளுக்குப் பக்கத்தில் எப்படி இருப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் இந்தக் கதையைத் தேடிப் படித்தோம். இது வெர்ஜீனியா என்ற மேதையின் கதையாகப் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் இதைப் பக்கத்தில் இருந்தவரின் கதையாகப் பார்க்க விரும்புகிறோம்.

கச்சேரியில் இருந்து வந்தவர்

லெனார்ட் வூல்ஃப் 1880 இல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவாகி 1904 டிசம்பரில் கொழும்பில் இறங்கினார். கையோடு ஒரு நாயும் வோல்டேரின் 90 தொகுதிகளும் வந்தன. 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு அனுப்பப்பட்டார். வடக்குக்கு ரயில் பாதை அப்போது முழுதாக முடியவில்லை. அனுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரைக்கும் தபால் மாட்டுவண்டியில்தான் வந்தார். அப்போது வயது 24.

அவரை நாங்கள் இங்கே வீரனாக்க வரவில்லை. அவர் வெள்ளைக்காரத் துரை. 1906 இல் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தபோதும், பிறகு கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் அதிகாரம் செய்தபோதும் கண்டிப்பான ஆள் என்று பெயரெடுத்தவர். குதிரைச் சவுக்கால் தன்ர முகத்தில் அடித்துவிட்டார் என்று யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் ஒருவர் அவர்மீது முறைப்பாடு செய்தார். லெனார்ட் அதை மறுத்தார். ஆனால் குதிரைமேல் இருந்த ஒரு வெள்ளைக்காரனைப் பற்றி அந்த ஊர் ஆக்கள் ஏன் அப்படி நம்பினார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. பிற்காலத்தில் அவர் பேரரசுகளுக்கு எதிராக எழுதியவர். 1938 இல் தொழிற்கட்சிக்கு எழுதிய குறிப்பொன்றில், இலங்கையில் சிறுபான்மையினரின் பாதுகாப்புக்கு சுவிற்சர்லாந்து மாதிரியான கூட்டாட்சி முறையைப் பரிசீலிக்கலாம் என்று சொன்னவரும் அவர்தான். அது தனிக் கட்டுரைக்கான விசயம்.

இங்கே எங்களுக்கு வேண்டியது வேறொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து அவர் தன் நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்கு எழுதிய கடிதங்களில் தனிமையும் விரக்தியும் கொட்டிக் கிடக்கின்றன. எதற்கும் அர்த்தமில்லை என்று தோன்றுகிற நாட்கள் அவருக்கும் தெரியும். அந்த நாட்களில் அவரைத் தாங்கியவற்றில் ஒன்று, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து பதில் எழுதிக்கொண்டிருந்த ஒரு நண்பன்.

1911 இல் விடுமுறையில் இங்கிலாந்து போனார். அங்கே வெர்ஜீனியா ஸ்டீபனை மீண்டும் சந்தித்தார். 1912 ஜனவரியில் திருமணம் செய்யக் கேட்டார். வெர்ஜீனியா உடனே சம்மதிக்கவில்லை. அவருடைய பதில் வருவதற்கு முன்னமே லெனார்ட் இலங்கை வேலையை விட்டுவிட்டார். அதே ஆண்டு ஓகஸ்ட் 10 ஆம் திகதி இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள்.

வருத்தம் முன்னமே இருந்தது

வெர்ஜீனியாவின்ர வருத்தம் திருமணத்தோடு வந்ததல்ல. 1895 இல், 13 வயதில், தாயை இழந்தபோது முதல்முறை நிலைகுலைந்தார். இரண்டு வருடத்தில் தாய்வழி அக்கா ஸ்டெல்லாவும் இறந்தார். 1904 இல் தந்தை இறந்தபிறகு இரண்டாம் முறை கடுமையாக நோயுற்றார். 1906 இல் அண்ணன் தோபி நெருப்புக்காய்ச்சலில் இறந்தார். பதினொரு வருடத்தில் நாலு சாவு.

1904 இல் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கிட்டத்தட்ட மூன்று மாதம் பார்த்தவர் வயலெட் டிக்கின்சன் என்ற சிநேகிதி. சொந்தக்காரி இல்லை, மருத்துவரும் இல்லை. வெர்ஜீனியாவின் வாழ்க்கையில் இப்படியான ஆக்கள் பலர் இருந்தார்கள். அக்கா வனேசா, தோழி கா கொக்ஸ் என்று அந்தப் பட்டியல் நீளும். ஒருவரின் தியாகக் கதையாக இதைச் சொல்லுவது லேசு. உண்மையில் ஒரு வட்டமே மாறி மாறித் தாங்கியிருக்கிறது.

இன்றைக்கு வெர்ஜீனியாவின் நோயை வாசிக்கிற பலர் அதை இருதுருவ நோய் என்கிறார்கள். அதாவது கடும் மனச்சோர்வும், அதற்கு எதிரான மனக்கிளர்ச்சியும் மாறி மாறி வருவது. லெனார்டும் தன் சுயசரிதையில் கிட்டத்தட்ட அப்படித்தான் விளங்கப்படுத்துகிறார். அன்றைய மருத்துவர்கள் சொன்னதோ 'நரம்புத் தளர்ச்சி'. இந்த நோயில் லித்தியம் பயன்படும் என்று ஜோன் கேட் அவுஸ்திரேலியாவில் எழுதியது 1949 இல். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் 1950களில்தான் வந்தன. வெர்ஜீனியா வாழ்ந்த காலத்தில் இவை ஒன்றுமே இல்லை.

இருந்தது 'ஓய்வுச் சிகிச்சை'. அமெரிக்க மருத்துவர் வீர் மிற்செல் உருவாக்கியது. 1877 இல் இதைப் பற்றி அவர் எழுதிய நூல் வந்தது. நோயாளியை, பெரும்பாலும் பெண்ணை, வீட்டாரிடமிருந்து பிரித்து வாரக்கணக்காகக் கட்டிலில் வைத்திருப்பது. பாலும் கொழுப்பும் கொடுத்து உடம்பைத் தேற்றுவது. வாசிக்கக் கூடாது, எழுதக் கூடாது. எழுத்தே மூச்சாக இருந்த ஒரு பெண்ணுக்கு இது என்ன மாதிரி இருந்திருக்கும்? அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் இதே சிகிச்சைக்கு ஆளாகி, அந்த அனுபவத்திலிருந்து 1892 இல் 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற கதையை எழுதினார். வெர்ஜீனியாவும் 1910 இலிருந்து பல தடவை ட்விக்கன்ஹாமில் இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு இந்தச் சிகிச்சைக்காகவே அனுப்பப்பட்டார்.

ஒரு கரண்டி சாப்பாடு

திருமணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் வெர்ஜீனியா கடுமையாக நோயுற்றார். முதல் நாவலை எழுதி முடித்திருந்த நேரம் அது. தலையிடி, நித்திரையின்மை, சாப்பாட்டை மறுப்பது, தான் ஒரு குற்றவாளி என்ற எண்ணம். தனக்கு நோயே இல்லை, எல்லாம் தன் பிழை என்று அவர் நம்பினார். 1913 செப்டெம்பரில் இரண்டு மருத்துவர்களிடம் கூட்டிக்கொண்டு போனார் லெனார்ட். 'நீங்கள் நோயாளிதான்' என்று இருவரும் சொன்னார்கள். அன்று பின்னேரம் வெர்ஜீனியா உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். எப்போதும் பூட்டி வைத்திருக்கிற மருந்துப் பெட்டியை லெனார்ட் அன்று மட்டும் பூட்ட மறந்துபோயிருந்தார். அதே வீட்டின் மேல்மாடியில் இருந்த இளம் மருத்துவர் ஜெஃப்ரி கெய்ன்ஸ் லெனார்டோடு ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டி, வேண்டிய கருவியைக் கொண்டுவந்து காப்பாற்றினார்.

அதற்குப் பிறகு மருத்துவர்கள், சட்டப்படி அவரை மனநோயாளியாகச் சான்றுபடுத்தி ஒரு விடுதியில் அனுமதிக்கலாம் என்றார்கள். லெனார்ட் அப்படியான இடங்களை நேரில் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு, இங்கே விடமாட்டேன் என்று முடிவெடுத்தார். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு மருத்துவர்கள் நிபந்தனை போட்டார்கள். கடுமையான காலங்களில் பகலுக்கு இரண்டு, இரவுக்கு இரண்டு என்று நான்கு தாதிமார் இருந்தார்கள். முதலில் தங்கியது வெர்ஜீனியாவின் அண்ணன்முறையான ஒருவரின் பெரிய வீட்டில். காசும் வீடும் சொந்தபந்தமும் இருந்தபடியால்தான் இது முடிந்தது. அதே ஆண்டு லண்டனின் ஒரு ஏழைக் குடும்பத்தில் இப்படி ஒரு பெண் நோயுற்றிருந்தால் அவள் போயிருக்கக்கூடிய இடம் வேறு.

லெனார்டின் சுயசரிதையில் எங்களை நிறுத்தி வைத்த பகுதி சாப்பாட்டைப் பற்றியது. ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம், சிலவேளை இரண்டு மணித்தியாலம் எடுக்கும் என்கிறார். அவர் பக்கத்தில் இருப்பார். கரண்டியைக் கையில் கொடுப்பார். இடைக்கிடை மெதுவாகச் சாப்பிடச் சொல்லுவார். கையை லேசாகத் தொடுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெர்ஜீனியா இயந்திரம் மாதிரி ஒரு வாய் எடுப்பார். இப்படியே மாதக்கணக்காக.

நாங்கள் எங்கட சிநேகிதிக்கு அனுப்பின குறுஞ்செய்திகளை இதோடு வைத்துப் பார்த்தோம். நாங்கள் அவளை ஒரு வசனத்தால் எழுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தோம். லெனார்டும் முதலில் அப்படித்தான் நினைத்திருக்கிறார். வாதாடிப் பார்த்திருக்கிறார். நோயின் உச்சத்தில் வாதம் எடுபடாது, அது நிலைமையை இன்னும் கூட்டும் என்று அனுபவத்தில்தான் கண்டுகொண்டார்.

அந்தச் சங்கேத எழுத்துக்கும் இங்கே ஒரு காரணம் இருந்திருக்கும் என்று நினைக்கிறோம். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு ஒழுங்கு வேண்டியிருக்கிறது. நேற்றையை விட இன்று எப்படி என்று பார்ப்பதற்கு எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதை நோயுற்றவர் கண்டால், 'என்னைக் கணக்கெடுக்கிறார்கள்' என்ற நினைப்பு வரும். யாழ்ப்பாணத்தில் கச்சேரிக் கடமைக்காகவும் சோதனைக்காகவும் படித்த எழுத்து, இப்படி ஒருத்தியின் மானத்தை மறைத்துவைக்க உதவியிருக்கிறது.

பார்க்கிறவருக்கும் களைக்கும்

1914 தொடக்கத்தில் லெனார்டே விழுகிற நிலைக்கு வந்துவிட்டார். விடாத தலையிடி. மார்ச்சில் அவர் வெர்ஜீனியாவைத் தோழிகளின் பொறுப்பில் விட்டுவிட்டு, வில்ட்ஷயரில் இருந்த லிட்டன் ஸ்ட்ரேச்சியின் வீட்டுக்குப் போய்த் தங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் எழுதின அதே லிட்டன்தான்.

எங்கட ஊரில் இப்படி ஒருவர் செய்தால் என்ன சொல்லுவினம்? "பெண்சாதி அங்க வருத்தமாக் கிடக்கிறா, இவர் சிநேகிதன்ர வீட்டில நிக்கிறார்." பார்க்கிறவர் களைத்துப்போவதை நாங்கள் அன்பின் குறைவாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அநேகமான வீடுகளில் பார்க்கிறவர் தாய் அல்லது மூத்த மகள். அவளுக்குப் போய்த் தங்க ஒரு லிட்டன் வீடும் இல்லை.

1915 ஜனவரி 25, வெர்ஜீனியாவின் 33 ஆவது பிறந்தநாள். இருவரும் லண்டனில் ஒரு தேநீர்க் கடையில் இருந்து மூன்று முடிவு எடுத்தார்கள். றிச்மண்டில் ஹோகார்த் ஹவுஸ் என்ற வீட்டை எடுப்பது, ஒரு அச்சு இயந்திரம் வாங்குவது, ஒரு புல்டோக் நாய் வாங்கி ஜோன் என்று பெயர் வைப்பது. சில கிழமைகளில் நோய் முன்னையதை விட மோசமாகத் திரும்பியது. இந்தமுறை அவர் ஓயாமல் பேசினார், தாதிமாரோடு மல்லுக்கட்டினார். கணவர் மீதே வெறுப்புக் காட்டி, இரண்டு மாதம் வரைக்கும் அவரைப் பார்க்கவே மறுத்தார். முதல் நாவல் மார்ச் 26 ஆம் திகதி வெளிவந்தபோது அதை எழுதியவர் நோயின் நடுவில் இருந்தார்.

அந்த இரண்டு மாதமும் லெனார்ட் என்ன நினைத்திருப்பார் என்று நாங்கள் கற்பனை பண்ண விரும்பவில்லை. அவர் வீட்டை விட்டுப் போகவில்லை என்பது மட்டும் தெரியும். நோய் பேசுவதையும் ஆள் பேசுவதையும் அவர் பிரித்துப் பார்த்தார். அந்த ஆண்டின் முடிவுக்குள் வெர்ஜீனியா மெல்ல மெல்லத் தேறினார்.

சாப்பாட்டு மேசையில் ஒரு அச்சு இயந்திரம்

அச்சு இயந்திரம் வாங்குகிற எண்ணம் மட்டும் சாகவில்லை. வெர்ஜீனியாவின் மூளைக்கு எழுத்து வேலையிலிருந்து இடைக்கிடை விடுதலை தருகிற, கையால் செய்கிற ஒரு வேலை வேண்டும் என்று லெனார்ட் நினைத்தார். அச்சுத் தொழில் படிக்கப் போனார்கள். தொழிற்சங்கத்தில் பதிந்த பயிலுநர்களுக்கு மட்டும்தான் இடம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1917 மார்ச்சில் லண்டன் ஃபாரிங்டன் வீதியில் நடந்து போகும்போது ஒரு கடைக் கண்ணாடியில் கை அச்சு இயந்திரம் ஒன்றைக் கண்டார்கள். எழுத்துகளும் மற்றச் சாமான்களும் சேர்த்து 19 பவுண் 5 ஷில்லிங் 5 பென்ஸ். எப்படி அச்சடிப்பது என்று சொல்லுகிற 16 பக்கக் கையேடும் வந்தது. அதைப் பார்த்தே படித்தார்கள்.

இயந்திரம் வீட்டின் சாப்பாட்டு அறையில் நின்றது. லெனார்டுக்குப் பிறவியிலிருந்தே கை நடுக்கம். சின்ன ஈய எழுத்துகளை அவரால் கோர்க்க முடியாது. அதனால் வெர்ஜீனியா எழுத்துக் கோர்த்தார், லெனார்ட் இயந்திரத்தை இழுத்தார். ஒருவரால் முடியாததை மற்றவர் செய்தார். இந்தப் பக்கம் நோயாளி, அந்தப் பக்கம் பராமரிப்பவர் என்ற கோடு அந்த அறையில் இல்லாமல் போனது. 1917 ஜூலையில் முதல் வெளியீடு வந்தது. ஆளுக்கொரு கதையாக இரண்டு கதைகள், கிட்டத்தட்ட 150 பிரதிகள்.

பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்த ஹோகார்த் அச்சகம் 1923 இல் ரி.எஸ். எலியட்டின் 'பாழ்நிலம்' கவிதையை நூலாக வெளியிட்டது. 1924 இலிருந்து பிராய்டின் உளப்பகுப்பாய்வு நூல்கள் ஆங்கிலத்தில் இதன் வழியாக வந்தன. 1922 இலிருந்து வெர்ஜீனியாவின் நாவல்களும் இங்கேதான் வெளிவந்தன. தன் எழுத்தை இன்னொரு பதிப்பாசிரியரின் தீர்ப்புக்குக் கொடுத்து நடுங்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. அது சின்ன மருந்தில்லை.

1915 இற்குப் பிறகு கிட்டத்தட்ட 25 வருடம், இடைக்கிடை வருத்தம் வந்தாலும், பழைய மாதிரி நிலைகுலைவு வரவில்லை. அவருடைய பெரிய படைப்புகள் எல்லாம் இந்த இடைவெளியில் எழுதப்பட்டவை.

அன்பா, கட்டுப்பாடா?

இந்த 25 வருடமும் லெனார்ட் ஒரு ஒழுங்கைக் கட்டி எழுப்பினார். நேரத்துக்குச் சாப்பாடு, ஒரு கிளாஸ் பால், நேரத்துக்குப் படுக்கை. தலையிடி தொடங்கினால் விருந்தாளிகள் இல்லை, வேலை இல்லை. சில நாள் அமைதியாக ஒதுங்கினால் வருத்தம் வந்த வழியே போய்விடும் என்று இருவரும் கண்டிருந்தார்கள்.

இதைக் கடுமையாக விமர்சித்தவர்களும் இருக்கிறார்கள். 1978 இல் ரோஜர் பூல் எழுதிய நூல், லெனார்ட் வெர்ஜீனியாவைப் புரிந்துகொள்ளவே இல்லை என்று வாதிட்டது. இந்த விமர்சனத்தை நாங்கள் தட்டிக் கழிக்கவில்லை. பிள்ளை பெறலாமா கூடாதா என்பதில் லெனார்ட் ஒவ்வொரு மருத்துவராகப் போய்க் கருத்துக் கேட்டு, வேண்டாம் என்ற பக்கம் முடிவு நின்றது. அந்தத் துயரம் வெர்ஜீனியாவின் நாட்குறிப்புகளில் பிறகும் தலைகாட்டுகிறது. றிச்மண்டின் அமைதி அவருக்கு மூச்சு முட்டியது. லண்டனின் சத்தம் வேண்டும் என்று சண்டை பிடித்து, 1924 இல் லண்டனுக்கே திரும்பினார்கள். அந்த ஒழுங்கு அவருடைய சம்மதத்தோடு நடந்த நாட்களும் உண்டு, சம்மதமில்லாமல் நடந்த நாட்களும் உண்டு.

எங்கட வீடுகளில் இது இன்னும் சிக்கலானது. "உன்ர நன்மைக்குத்தான்" என்ற சொல்லுக்குள் ஒரு பெண்ணின் படிப்பையும் போனையும் சிநேகிதத்தையும் நிறுத்திவிடலாம். கோயிலுக்கு நேர்த்தி, நூல் கட்டுவது, கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்பது எல்லாமே அன்பின் பெயரால்தான் நடக்கின்றன. லெனார்டுக்கும் இந்த ஆக்களுக்கும் இடையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறோம். அவர் கட்டிய ஒழுங்கின் நோக்கம் வெர்ஜீனியா எழுத வேண்டும் என்பது. எழுத்தைப் பிடுங்கிக் குணப்படுத்த நினைத்த மருத்துவர்களுக்கு எதிர்த்திசை அது. ஒருவரை எதற்காகத் தேற்றுகிறோம் என்று கேட்டுப் பார்த்தால், பல நேரம் எங்கட கட்டுப்பாட்டின் முகம் தெரிந்துவிடும்.

இதற்கு வெர்ஜீனியாவே எழுதிய பதில் 'மிஸிஸ் டாலவே' (1925) நாவலில் இருக்கிறது. அதில் செப்டிமஸ் என்ற, முதலாம் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய் மனம் சிதைந்து போயிருக்கிறான். ஒரு மருத்துவர் உனக்கு ஒன்றுமில்லை என்கிறார். இன்னொரு பெரிய மருத்துவர் மனைவியிடமிருந்து பிரித்து இல்லத்துக்கு அனுப்பச் சொல்லுகிறார். மனைவி றேசியா இத்தாலிக்காரி. அந்நிய நகரத்தில், பூங்கா வாங்கில், ஒருவருக்கும் சொல்ல முடியாமல் தனியே இருக்கிறாள். போர் முடிந்த ஊரில் வளர்ந்த எங்களுக்கு செப்டிமஸைத் தெரியும். றேசியாவையும் தெரியும். அவளைப் பற்றி நாங்கள் கேட்டதுதான் குறைவு. நோயாளியாக இருந்த ஒரு எழுத்தாளர், பக்கத்தில் இருப்பவரின் தனிமையை இவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கிறார்.

1941

போர்க்காலத்தில், 1941 இன் தொடக்கத்தில், பழைய அறிகுறிகள் திரும்பின. லெனார்ட் கண்டுகொண்டார். ஆனால் என்ன செய்வது என்பதில் ஒரு பொறி இருந்தது. 'உனக்கு நோய் திரும்பிவிட்டது, தாதி வேண்டும்' என்று அழுத்தினால் 1913 இல் நடந்தது மாதிரி ஆகலாம். அழுத்தாமல் விட்டால் நிலை முற்றலாம். மார்ச் 27 ஆம் திகதி மருத்துவரான சிநேகிதி ஒருவரிடம் பிறைற்றனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடனே காவல் வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். மறுநாள் வெர்ஜீனியா உயிரோடு இல்லை. லெனார்டுக்கு எழுதி வைத்த கடிதத்தில் அவர் கணவரைக் குறை சொல்லவில்லை, நன்றிதான் சொன்னார்.

அந்தக் கடிதத்தின் ஒரு வரியைச் செய்தித்தாள்கள் பிழையாகப் போட்டன. தன் நோயைப் பற்றி அவர் எழுதியது, போரைத் தாங்க முடியாமல் எழுதியது போல மாறிப்போனது. கோழைத்தனம் என்ற தொனியில் ஒருவர் பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார். லெனார்ட் அதைத் திருத்திப் பதில் எழுத வேண்டி வந்தது. சாவு வீட்டில் "என்ன காரணமாம்?" என்று ஒரே ஒரு காரணம் தேடுகிற எங்கட பழக்கம் லண்டனிலும் இருந்திருக்கிறது.

லெனார்ட் தோற்றுவிட்டாரா? இதை எங்களுக்குள் நெடுநேரம் கதைத்தோம். அவர் 29 வருடம் பக்கத்தில் இருந்தார், மருந்தில்லாத காலத்தில். அன்பால் மட்டும் இந்த நோயை வெல்ல முடியாது என்பதற்கு இந்தக் கதை சாட்சி. அன்பு வாங்கித் தந்த வருடங்களுக்கும் இதுவே சாட்சி. லெனார்ட் 1960 இல், 79 வயதில், இலங்கைக்குத் திரும்பி வந்து தான் வேலை பார்த்த இடங்களைப் பார்த்தார். 1969 இல் இறந்தார். கடைசிவரை அந்த மார்ச் மாதத்து முடிவைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

எங்களிடம் இருக்கிறது

அவரிடம் இல்லாத சில விசயங்கள் எங்களிடம் இருக்கின்றன. மனச்சோர்வுக்கு மருந்து இருக்கிறது, பேசித் தீர்க்கிற சிகிச்சை இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1961 வரைக்கும் தற்கொலை முயற்சி குற்றம். இலங்கையில் 1998 இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. இன்றைக்கு ஒருவர் உதவி கேட்டால் பொலிசுக்குப் பயப்படத் தேவையில்லை. "அங்கொடைக்கு அனுப்பப் போறியளோ" என்ற கேலிக்குத்தான் இன்னும் பயப்பட வேண்டியிருக்கிறது.

எங்கட சிநேகிதியிடம் திரும்பப் போனோம். இந்தமுறை அறிவுரை கொண்டு போகவில்லை. முதல் நாள் அவள் பேசவில்லை. இரண்டு பேர் அறையில் இருந்து எங்கட வேலையைப் பார்த்தோம். அவளின் அம்மா தேத்தண்ணி தந்துவிட்டு, பிறகு குசினிக்குள் எங்களைக் கூப்பிட்டு அழுதா. அவவிடம் ஒருவரும் அதுவரை எதுவும் கேட்டிருக்கவில்லை. இப்ப நாங்கள் முறை போட்டுப் போகிறோம். ஒருவர் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவார், ஒருவர் அம்மாவோடு கதைப்பார், ஒருவர் சும்மா இருப்பார். யாருக்காவது களைத்தால் சொல்லிவிட்டு ஒரு கிழமை நிற்கலாம் என்பதும் எங்கட ஒப்பந்தம். சாகிற எண்ணம் வருகுதா என்று நேராகவே கேட்கப் பழகியிருக்கிறோம். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று முன்னம் பயந்தோம். அப்படி வருவதில்லை.

அவள் முழுதாகத் தேறிவிட்டாள் என்று முடிக்க எங்களுக்கும் ஆசைதான். போன கிழமை ஒரு கோப்பை சோற்றில் பாதி சாப்பிட்டாள். அதை நாங்கள் தமிழ் எழுத்தில், எல்லாரும் வாசிக்கக்கூடிய தமிழில், அவளின் சம்மதத்தோடு இங்கே எழுதி வைக்கிறோம்.

உங்களுக்கோ உங்களோடு இருக்கிற ஒருவருக்கோ இந்த நிலை என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கோ, 1333 இலக்கத்துக்கோ அழைக்கலாம். தமிழிலும் கதைக்கலாம்.